மேடேற மறுத்த வண்டி

மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தை நோக்கியவாறு அமைந்த ஊர் எழுமலை. பேரையூர் வட்டத்தைச் சேர்ந்த இப்பேரூரிலிருந்து மேற்கே நோக்கினால், மேற்குத் தொடர்ச்சி மலையின் முகடுகள் காலைப் பொழுதில் கருநீலமாகத் தோன்றும். பேராறு பாய்ந்து வளஞ்செய்யும் நிலம் அன்று இது. கிணற்று நீரும், கண்மாய் நீரும், வானம் தரும் மழையுமே இவ்வட்டார உழவர்க்குத் துணை. சோளமும் பருத்தியும் விளையும் இந்நிலத்தில், சிறிதளவு நீரைக் கொண்டு நாள்தோறும் பணம் காணும் பயிராக மல்லிகையையும் வளர்க்கின்றனர். மதுரை மல்லிக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்பெயரோடு சந்தைக்கு வரும் பூவில் உசிலம்பட்டி வட்டாரத் தோட்டங்களின் பூவும் உண்டு.

மல்லிகை காலத்துக்குக் காத்திருக்கும் பூ அன்று. மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுமுன், அதனைப் பறித்துவிட வேண்டும். காலையில் பறித்த மொட்டு மாலையில் மலர்ந்துவிடும். ஆகவே, பறிப்புக்கும் விற்பனைக்கும் இடையே உள்ள சில நாழிகைகளே உழவரின் வருவாயை வரையறுப்பன. பறித்த மொட்டுகளை ஈரச் சாக்கில் கட்டி, உசிலம்பட்டிப் பூச்சந்தைக்கோ, மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கோ விரைந்து சேர்க்க வேண்டும். முன்பு தலைச்சுமையாகவும் மாட்டு வண்டியிலும் சென்ற மூட்டை, பின்னர்ப் பேருந்தின் கூரையில் ஏறியது. இந்நாளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஏறிச் செல்கிறது. வண்டி தளர்ந்தால் பூவும் வாடும். பூ வாடினால் பறித்தவர் கூலிக்கும் முட்டுப்பாடு நேரும்.

இத்தகைய உழவர் ஒருவரின் வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அது நூறு கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர்ப் பொறி பூட்டிய பழைய மோட்டார் சைக்கிள். 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த மாசு விதிகளுக்குப் பின்னர், புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் கருவி இடம்பெற்றுவிட்டது. இவ்வண்டியோ அதற்கு முற்பட்டது, கார்புரேட்டர் உடையது.

உழவர் மார்கழியும் தையும் திருப்பூரில் வேலை பார்த்துவிட்டு, பூ தொடங்கும் மாசித் திங்களில் ஊர் திரும்பினார். இரண்டு திங்கள் கொட்டகையில் நின்ற வண்டி எளிதில் கிளம்பவில்லை. கிளம்பினாலும், ஆக்சிலேட்டரிலிருந்து கையை எடுத்தவுடன் நின்றுவிட்டது. இதில் வியப்பொன்றும் இல்லை. நெடுநாள் நிற்கும் பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகிவிடும்; எஞ்சியது பிசின்போல் படிந்து நுண்ணிய துளைகளை அடைத்துக்கொள்ளும். இக்காலத்துப் பெட்ரோலில் கலக்கப்படும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்க வல்லது. ஆதலால், எழுமலையில் தாம் வழக்கமாகச் செல்லும் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டார். அன்று கடைக்குரிய முதிய மெக்கானிக் வெளியூர் சென்றிருந்தார். அவரிடம் தொழில் பழகும் இளைஞன் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டிக் கொடுத்தான். வண்டி ஒரே உதையில் கிளம்பியது. நின்ற இடத்தில் சீராக முனகியது. உழவர் மகிழ்ந்து கூலி கொடுத்துச் சென்றார்.

மறுநாள் விடியலில் இரண்டு மூட்டை மொட்டுகளுடன் அவர் உசிலம்பட்டிச் சாலையில் புறப்பட்டார். சமதரையில் மெல்லச் சென்ற வண்டி, முதல் மேட்டிலேயே தளர்ந்தது. ஆக்சிலேட்டரை முறுக்க முறுக்க விசை கூடவில்லை, மாறாகக் குறைந்தது. கார்புரேட்டரின் வாயில் இருமல் போன்ற ஒலி எழுந்தது. உழவர் இறங்கித் தள்ளினார்; மேடு கடந்ததும் ஏறி ஓட்டினார்; அடுத்த மேட்டில் மீண்டும் இறங்கினார். சந்தையை அவர் அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. நல்ல விலைக்கு வாங்குவோர் வாங்கிச் சென்றுவிட்டனர். கிடைத்த விலைக்கு மூட்டைகளைக் கொடுத்துவிட்டு, வந்த வழியே திரும்பி நேரே ஒர்க்‌ஷாப்பின் முன் வண்டியை நிறுத்தினார்.

முதியவர் அன்று கடையில் இருந்தார்.

“மாமா, நேற்று இங்கேதான் கார்புரேட்டரைக் கழுவினார்கள். நின்றால் அழகாக நிற்கிறது. சுமை ஏற்றினால் இழுக்க மாட்டேன் என்கிறது. இன்றைய பூ போயிற்று” என்றார் உழவர்.

இளைஞன் அதற்குள் ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டான். “ஐயா, கார்புரேட்டரை மறுபடியும் இறக்கிவிடட்டுமா?” என்று கேட்டான்.

“பொறு, தம்பி. இறக்கிவிட்டால் இப்பொழுது வண்டி காட்டுகிற குறிகளெல்லாம் கலைந்து போகும். முதலில் குறிகளைப் பார்ப்போம்” என்றார் முதியவர்.

அவர் கூறியதன் பொருள் விளங்க, கார்புரேட்டர் என்பது யாது என்று அறிதல் வேண்டும்.

பெட்ரோல் தானாக விசை தருவதில்லை. அது காற்றுடன் கலந்து, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்டு, மின்பொறியால் எரியும்போதுதான் விசை பிறக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எடையால் கூறும்போது இது பெரிதாகத் தோன்றாது. கன அளவால் நோக்கினால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். உழவரின் மல்லிகைத் தோட்டத்துக் கொட்டகை ஒன்றை நிரப்பும் காற்றும் அதற்குப் போதாமற் போகலாம். மேடேறுவது போன்ற கடுமையான வேலையின்போது பெட்ரோல் இன்னும் சற்று மிகுதியாக, அஃதாவது 12.5 அல்லது 13 பங்கு காற்றுக்கு ஒரு பங்காக இருத்தல் வேண்டும். அந்நிலையில்தான் பொறி தன் முழு விசையையும் தரும்.

இக்கலவையை ஆக்குவதே கார்புரேட்டரின் தொழில். அது செய்யும் முறை வியப்பானது. வாய்க்காலில் ஓடும் நீர், மடை குறுகிய இடத்தில் விரைந்து பாய்வதை எவரும் கண்டிருப்பர். காற்றும் அவ்வாறே குறுகிய குழாயில் விரைகிறது. விரையும் இடத்தில் அதன் அழுத்தம் குறைகிறது. இரண்டு தாள்களை அருகருகே தொங்கவிட்டு நடுவே ஊதினால், அவை விலகிச் செல்லாமல் ஒன்றையொன்று நெருங்குவதைக் காணலாம். 1738-இல் டேனியல் பெர்னூலி தம் நூலில் இவ்வுண்மையின் அடிப்படையை வகுத்தார். இத்தாலிய அறிஞர் வென்ச்சூரி குறுகிய குழாயில் நிகழ்வதை 1797-இல் விளக்கினார். ஜெர்மனியில் மேபாக் என்னும் பொறியியலார் 1893-ஆம் ஆண்டளவில் இக்கொள்கையைப் பெட்ரோல் பொறிக்குப் பயன்படுத்தி, தெளிக்கும் கார்புரேட்டரை அமைத்தார். குறுகிய குழாயில் அழுத்தம் குறைந்த இடத்தில் ஒரு சிறு துளை இருக்கும். கீழே மிதவைக் கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோல் அத்துளையின் வழியே மேலெழுந்து, பனித்தூளாகச் சிதறிக் காற்றுடன் கலக்கும். பயிருக்கு மருந்து தெளிக்கும் பழைய கைத்தெளிப்பானும் இக்கொள்கையினதே.

நிமிடத்துக்கு 6,000 சுழற்சியில் ஓடும் நான்கு வீச்சுப் பொறி, விநாடிக்கு 50 முறை மூச்சு இழுக்கிறது. ஒவ்வொரு மூச்சிலும் காற்றும் பெட்ரோலும் உரிய அளவில் இருத்தல் வேண்டும். ஒரே துளை எல்லா வேகத்துக்கும் அவ்வாறு அளந்து கொடுத்தல் இயலாது. ஆகவே கார்புரேட்டருக்குள் பெட்ரோலுக்குப் பல வழிகளை அமைத்துள்ளனர். வண்டி நின்று முனகும்போது பெட்ரோல் தருவது பைலட் ஜெட் என்னும் மிக நுண்ணிய துளை. ஆக்சிலேட்டரைக் கால் பங்கு முதல் முக்கால் பங்கு வரை திறக்கும்போது, மேலேறும் பிஸ்டன் வடிவ அடைப்பானில் தொங்கும் கூம்பிய ஊசியே அளவை நிர்ணயிக்கிறது. முக்கால் பங்குக்கு மேல் முழுத் திறப்பு வரை மெயின் ஜெட்டின் துளையே அளவுகோல். இவ்வெல்லைகள் மதில்போல் கூர்மையானவை அல்ல. ஒன்றன் ஆட்சி மெல்லத் தளர, அடுத்ததன் ஆட்சி தொடங்கும். எனினும், எந்தத் திறப்பில் வண்டி தளர்கிறது என்று அறிந்தால், எவ்வழியில் குற்றம் இருக்கிறது என்று கூற இயலும். முதியவர் குறிகள் என்றது இதனையே.

விசை குறைவுக்குக் கலவையின் தன்மை எவ்வளவு காரணமாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் பஞ்சம் ஏற்பட்டது. பேருந்துகளின் பின்புறத்தில் அடுப்புப் போன்ற கலங்களைப் பொருத்தி, மரக்கரியை எரித்து வரும் வாயுவால் அவற்றை ஓட்டினர். 1911-இல் மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய நிறுவனமும் அத்தகைய கரிவாயுக் கலங்களைச் செய்து அளித்தது. பொறி அதுவே, சிலிண்டரும் அதுவே, உள்ளே சென்ற கலவை மட்டும் வெப்பம் குறைந்தது. அதனால் அவ்வண்டிகள் பெட்ரோலில் காட்டிய விசையில் கணிசமான பகுதியை இழந்து, மேடுகளில் திணறின.

எழுமலை ஒர்க்‌ஷாப்பில் முதியவர் முதலில் தொட்டது கார்புரேட்டரை அன்று, பின் சக்கரத்தை. வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அது தடையின்றிச் சுழன்றது. பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் குற்றமற்ற பொறியும் தளர்ந்ததுபோல் தோன்றும். பின்னர் வண்டியை ஓட்டி, கிளட்ச் நழுவுகிறதா என்று பார்த்தார். கிளட்ச் நழுவினால் பொறியின் ஓசை ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. இங்கே ஓசையும் ஏறவில்லை. இளைஞனுக்கு இச்சோதனைகள் வீணாகத் தோன்றின. கார்புரேட்டரைக் கழுவிய பின் வந்த குற்றம் கார்புரேட்டரில்தானே இருக்கும் என்று அவன் எண்ணினான். அவ்வெண்ணம் பெரும்பாலும் சரியானதே. நேற்றுவரை இல்லாத குற்றம் இன்று தோன்றினால், நேற்றுக் கைபட்ட இடத்தைத்தான் முதலில் ஐயுற வேண்டும். ஆனால், இவ்வண்டி இரண்டு திங்கள் ஈரக் கொட்டகையில் நின்றது என்பதை அவன் மறந்தான். துருவேறிய பிரேக்கைக் கார்புரேட்டரின் கணக்கில் எழுதிவிட்டால், பழுது ஒருநாளும் தீராது.

அடுத்து, பெட்ரோல் உரிய அளவில் இறங்குகிறதா என்று பார்த்தார். கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, வரும் பெட்ரோலை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தார். அதற்கு முன், தெருவோரம் பீடி பற்றவைக்க நின்ற ஒருவரை அப்பால் போகச் சொன்னார். குப்பியின் அடியில் நீர்த்துளிகள் தங்கவில்லை, ஒழுக்கும் தடைபடவில்லை. டாங்கின் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் சிறிது தொலைவு ஓடிய பின் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பார்த்தும் மாற்றமில்லை. ஆக்சிலேட்டரை முழுதும் முறுக்கினால் உள்ளே அடைப்பான் முழுதும் மேலேறுகிறதா என்பதையும் காற்றுக்குழாயைக் கழற்றிக் கண்ணால் கண்டார், ஏறியது. கம்பி வடம் தளர்ந்திருந்தால், ஓட்டுபவர் முழுதும் திறந்ததாக எண்ணுவார். பொறியோ பாதி மூச்சே பெறும்.

இனி ஒன்று எஞ்சியது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே உள்ள இணைப்பில் வெடிப்பிருந்து, அதன் வழியே புறக்காற்று புகுகிறதோ? அவ்வாறு புகுந்தால், வண்டி நின்று முனகும்போது அது முதலில் தெரியும், முனகல் ஏறியிறங்கும். இங்கே முனகல் சீராக இருந்தது. இணைப்பின்மேல் சிறிது நீரைத் தெளித்தும் பார்த்தார். ஓசை மாறவில்லை.

பின்னர் அவர் செய்தது இளைஞனுக்குப் புதுமையாக இருந்தது. ஆக்சிலேட்டர்ப் பிடியில் வெள்ளை நாடா ஒன்றை ஒட்டி, அதில் கால், அரை, முக்கால் என்று மூன்று கோடுகள் இட்டார். எதிரே அசையாத பகுதியில் ஒரு கோடு இட்டார். “இப்பொழுது மேட்டில் ஓட்டிப் பார். எந்தக் கோட்டில் தளர்கிறது என்று மட்டும் வந்து சொல். காரணம் சொல்லாதே” என்று இளைஞனை அனுப்பினார்.

அவன் திரும்பி வந்து, கால் பங்குக்கு மேல் எங்கே திறந்தாலும் தளர்கிறது என்றான். முதியவர் தாமும் ஒருமுறை ஓட்டி, மேட்டில் சோக்கைச் சிறிதளவு இழுத்துப் பார்த்தார். வண்டி சற்றே நிமிர்ந்தது. சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலின் பங்கை மிகுவிப்பது. அதனால் வண்டி நன்மை அடைந்தது என்றால், அதற்குப் பெட்ரோல் போதவில்லை என்பது பொருள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதன் முனை வெளுத்திருந்தது. கலவை சரியாக இருந்தால் அது மங்கிய பழுப்பாக இருக்கும். பெட்ரோல் மிகுந்தால் கரி படிந்து கறுக்கும். கொடைக்கானல் போன்ற 2,100 மீட்டர் உயரமுள்ள ஊருக்கு வண்டியை ஏற்றினால், அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாதலால், இக்கறுப்பைக் காணலாம். இங்கு நிகழ்ந்தது அதற்கு எதிரானது. இவ்வாறு பெட்ரோல் குறைந்த கலவையில் சுமையுடன் நெடுந்தொலைவு ஓட்டினால் பொறி மிகவும் சூடேறி, பிஸ்டனே கெட்டுவிடவும் கூடும். உழவர் காலையில் இறங்கித் தள்ளியது ஒருவகையில் பொறியைக் காத்தது.

இப்பொழுதுதான் முதியவர் ஸ்பானரைக் கேட்டார். கார்புரேட்டரின் மேல்மூடியைத் திறந்து ஊசியை எடுத்தார். ஊசியின் தலைப்புறத்தில் ஐந்து பள்ளங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றில் மாட்டும் சிறு கொக்கியே ஊசி எவ்வளவு உயரத்தில் தொங்குவது என்பதை முடிவு செய்வது. கொக்கி மேற்பள்ளத்தில் இருந்தால் ஊசி தாழ்ந்து, பெட்ரோலின் வழியை அடைக்கும். கீழ்ப்பள்ளத்தில் இருந்தால் ஊசி உயர்ந்து வழிவிடும். இவ்வண்டிக்கு உரியது நடுப்பள்ளம். கொக்கியோ எல்லாவற்றுக்கும் மேலுள்ள பள்ளத்தில் இருந்தது.

“நேற்று இந்தக் கொக்கி கழன்றதா, தம்பி?”

“நினைவில்லை, ஐயா.”

முதியவர் மேலும் கேட்கவில்லை. கொக்கியை நடுப்பள்ளத்தில் மாட்டி மூடினார். இளைஞன் மறுபடியும் மேட்டுக்குச் சென்றான். சிறிது நேரத்தில் முகமலர்ச்சியுடன் திரும்பினான். வண்டி இழுக்கிறது என்றும், பழுது தீர்ந்தது என்றும் கூறினான். உழவரும் எழுந்து துண்டை உதறித் தோளில் இட்டார்.

அனுபவம் குறைந்தவர் இவ்விடத்திலேயே வேலையை முடித்துவிடுவர். ஒரு குற்றத்தைக் கண்டு நீக்கியவுடன் வேறு குற்றம் இராது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் இளைஞன் ஓட்டியது வெறும் வண்டி. முதியவர் கடையோரம் கிடந்த இரண்டு மணல் மூட்டைகளைப் பின்னிருக்கையில் கட்டச் செய்து, உழவரையே ஓட்டச் சொன்னார். உழவர் அரைப் பங்கில் மேட்டின் பாதிவரை எளிதாகச் சென்றார். மேல்பாதியில் முழுதும் திறந்ததும், வண்டி பழையபடி இருமித் தளர்ந்தது.

“கால் முதல் முக்கால் வரை ஊசி பார்த்துக்கொண்டது. இனி மெயின் ஜெட்டைப் பார்க்க வேண்டும்” என்றார் முதியவர்.

கிண்ணத்தைக் கழற்றி, மெயின் ஜெட்டைத் திருகி எடுத்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தார். துளை அடைபடவில்லை, நிறைவட்டமாக ஒளி தெரிந்தது. பித்தளை புத்தம் புதிதாக மின்னியது. அவர் அதன் விளிம்பைத் துடைத்து, கண்ணாடியை உயர்த்திப் பொறித்திருந்த எண்ணைப் படித்தார். 85 என்று இருந்தது. அவ்வண்டிக்கு உரிய எண் 95.

இவ்வகை ஜெட்டுகளில் எண், துளையின் குறுக்களவை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகக் குறிக்கும். 95 என்றால் 0.95 மில்லிமீட்டர், 85 என்றால் 0.85 மில்லிமீட்டர். வேறுபாடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் துளையின் பரப்பு குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது. 0.95-இன் வர்க்கம் 0.9025; 0.85-இன் வர்க்கம் 0.7225. ஆகவே பெட்ரோல் செல்லும் வாயில் ஐந்தில் ஒரு பங்கு குறுகிவிட்டது. ஐந்து படி நெல் உண்டு வளர்ந்த குடும்பத்துக்கு நான்கு படி அளந்தாற்போல் ஆயிற்று. எல்லா நிறுவனத்தாரும் இவ்வாறு எண்ணிடுவதில்லை. சிலர் துளையில் பாயும் அளவைக் குறித்து எண்ணிடுகின்றனர். ஒருவர் செய்த ஜெட்டின் எண்ணை மற்றொருவர் செய்ததன் எண்ணோடு ஒப்பிட்டு மயங்குதல் கூடாது.

முதியவர் ஜெட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “இது இந்த வண்டியினுடையதா?” என்று கேட்டார். குரலில் சினமில்லை.

இளைஞன் உடனே விடை கூறவில்லை. உழவர் எதிரே நின்றார். பழைய ஜெட்டை அவர் கண்டதில்லை. முதியவரும் நேற்றுக் கடையில் இல்லை. வண்டி முன்பே இவ்வாறு இருந்தது என்று கூறினாலும் மறுப்பார் எவருமில்லை. இரண்டு திங்களுக்கு முன் இவ்வண்டி இதே மேட்டை மூட்டைகளுடன் ஏறியது என்பதை உழவர் மட்டுமே அறிவார். அவர் அதை எடுத்துக்கூறத் தெரியாதவராய் நின்றார்.

“இல்லை, ஐயா. பழைய ஜெட் பச்சைப் பாசி பிடித்ததுபோல் இருந்தது. மேசை இழுப்பறையில் இருந்த புதிய பொட்டலத்தைப் பிரித்து, அதிலிருந்ததை மாட்டினேன். புதியது நல்லதென்று எண்ணினேன். ஊசியின் கொக்கியும் என் கையில் கழன்றது. எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று பார்க்கவில்லை. சற்றுமுன் நினைவில்லை என்று சொன்னது சரியன்று” என்றான்.

மோட்டார்த் தொழிலைத் தாமே கற்றுயர்ந்தவர்களுள் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவைப் பலரும் அறிவர். 1893-இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர், ஆங்கில அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு வேட்கை கொண்டார். உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அத்தகைய வண்டியை விலைக்கு வாங்கினார். அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டிக் கற்றார். கழற்றுதல் எவர்க்கும் எளிது. கழற்றியது எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையிலேயே பூட்டுவதில்தான் தொழில் இருக்கிறது. எழுமலை இளைஞனிடம் ஆர்வம் இருந்தது. கழற்றுமுன் குறித்துக்கொள்ளும் வழக்கம் இல்லை.

முதியவர் இழுப்பறையைத் திறந்து அப்பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். அது வேறொரு சிறு வண்டிக்காக அவரே முன்பு வாங்கிவைத்தது. மேலே எவ்வண்டிக்கு உரியது என்று அவர் எழுதிவைக்கவில்லை. “இதில் என் பங்கும் உண்டு” என்று கூறி, பொட்டலத்தின் மேல் வண்டியின் பெயரை எழுதி அப்பால் வைத்தார்.

பழைய ஜெட் எங்கே என்று தேடினர். இளைஞன் அதனை எறிந்துவிடவில்லை. மண்ணெண்ணெய்த் தகரத்தில் போட்டிருந்தான். தகரத்தின் அடியில் துரு, மணல், உடைந்த வாஷர்கள் ஆகியவற்றுக்கிடையே விரலால் துழாவி எடுத்தான். ஒரு நாள் முழுதும் மண்ணெண்ணெயில் ஊறியதால் பாசி இளகியிருந்தது. கம்பியால் குத்தித் தூய்மை செய்ய முனைந்தவனை முதியவர் தடுத்தார். எஃகுக் கம்பி பித்தளையைச் சுரண்டித் துளையைப் பெரிதாக்கிவிடும். பின்பு எண் 95 என்றிருந்தாலும் அளவு 95 ஆக இராது. அழுத்தக் காற்றால் ஊதியும், துடைப்பத்தின் மெல்லிய ஈர்க்கால் நீவியும் தூய்மை செய்தனர். மீண்டும் வெளிச்சத்தில் பிடித்தபோது துளை வட்டமாகத் தெரிந்தது.

மேலைநாட்டுப் பண்ணைகளில் ஓடும் நான்கு சக்கரச் சிறு வண்டிகளிலும் ஒற்றைச் சிலிண்டர்ப் பொறியும் கார்புரேட்டரும் உண்டு. அவற்றுட் பலவற்றில் அடைப்பானை உயர்த்துவது கம்பி வடம் அன்று. மெல்லிய ரப்பர்ப் படலமே. கழுவிப் பூட்டும்போது அப்படலத்தின் விளிம்பு மடிந்தாலோ, ஊசிமுனையளவு கிழிந்தாலோ, அவ்வண்டிகளும் இவ்வாறே நின்றால் முனகி, சுமை ஏறினால் தளரும். பழுது பார்க்கும் முறையும் இதுவே: எந்தத் திறப்பில் தளர்கிறது, காற்று மிகுந்ததா பெட்ரோல் மிகுந்ததா, நேற்று எதில் கைபட்டது என்று ஒவ்வொன்றாக வினவி வருதல்.

பழைய ஜெட்டைப் பூட்டிய பின், மணல் மூட்டைகளோடு வண்டி மூன்றாம் முறை மேட்டுக்குச் சென்றது. இம்முறை இளைஞன் கடைவாயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கால், அரை, முக்கால் என ஓசை ஏறியது. முழுத் திறப்பிலும் இருமலின்றி ஒரே சீராக ஏறி, மேட்டின் மறுபுறம் இறங்கி மறைந்தது. திரும்பி வந்தபின் ஸ்பார்க் பிளக்கை மாற்றாமல், அதனையே துடைத்துப் பூட்டினர். ஒரே வேளையில் இரண்டை மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாமற் போகும் என்பதற்காகவே முதியவர் அதனை இறுதிவரை தொடாமல் வைத்திருந்தார்.

அவர் முன்னாள் பெற்ற கூலியை உழவரிடம் திருப்பிக் கொடுத்தார். உழவர் அதில் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டார். அன்று காலை சந்தையில் குறைந்த விலைக்குப் போன இரண்டு மூட்டைப் பூவுக்கு ஈடு யார் கொடுப்பது என்பதை எவரும் பேசவில்லை. “நாளைக்கு மூன்று மூட்டை இருக்கும், மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டு உழவர் புறப்பட்டார். “காலையில் ஏறும், மாப்பிள்ளை” என்றார் முதியவர்.

மாலையில் கடையைச் சாத்துமுன், இளைஞன் சுண்ணக்கட்டியை எடுத்து, வேலை மேசைக்கு மேலே சுவரில் அவ்வண்டியின் பெயரை எழுதினான். அதன் கீழே, மெயின் ஜெட் 95, ஊசிக் கொக்கி மேலிருந்து மூன்றாம் பள்ளம் என்று எழுதினான். கடையில் அன்று நின்ற மற்ற இரண்டு வண்டிகளின் பெயர்களையும் அடுத்தடுத்து எழுதி, எண்களுக்கு இடம் விட்டுவைத்தான்.